99.9 சதவீதப் பாதுகாப்பு: வீட்டுக் கணினிக்கான ஆன்டிவைரஸை எப்படி எடைபோடுவது?

கணினிப் பாதுகாப்பு மென்பொருள் விற்கும் எந்த நிறுவனத்தின் விளம்பரத்தை எடுத்தாலும் 99 சதவீதத்துக்குக் கீழே ஒரு எண் இருக்காது. எல்லாரும் முதல் ரேங்க். இன்னொரு பக்கம், "விண்டோஸிலேயே ஒன்று சும்மா வருகிறதே, தனியாக எதற்குக் காசு?" என்று கேட்பவர்கள். நடுவில் செய்திகள் வேறு. ஒரு பிராண்டை ஒரு நாடு தடை செய்கிறது. இன்னொரு நிறுவனம் வாடிக்கையாளர்களின் பிரவுசிங் விவரங்களை விற்று மாட்டிக்கொள்கிறது. மற்றொன்றின் அப்டேட் ஒரே நாளில் லட்சக்கணக்கான கணினிகளைப் படுக்க வைக்கிறது. வாங்கலாமா, வாங்கினால் எதை என்று யோசிப்பவருக்குத் தலை சுற்றுவதில் ஆச்சரியமில்லை.

குழப்பத்தின் பாதி, எல்லாரும் ஒரே கேள்வியைக் கேட்பதால் வருவது: "எது அதிகமாகப் பிடிக்கும்?" பெயர் பெற்ற தயாரிப்புகளை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்துக் காட்டும் வலு அந்தக் கேள்விக்கு இன்று கிட்டத்தட்ட இல்லை. அதைவிடப் பயன்படும் கேள்விகள் இரண்டு இருக்கின்றன. கணினியில் ஏற்கெனவே இருப்பதைவிட இது கூடுதலாக என்ன தருகிறது? அதைத் தருவதற்காக நம்மிடமிருந்து எதை எடுத்துக்கொள்கிறது? இந்த இரண்டுக்கும் விடை தேட, அடிப்படையிலிருந்து தொடங்க வேண்டும்.

உள்ளே உட்கார்ந்து என்ன செய்கிறது?

வைரஸ் என்ற சொல்லின் சரியான பொருள், தன்னைப் பிரதி எடுத்து மற்ற கோப்புகளில் ஒட்டிக்கொள்ளும் நிரல். அந்த வகை இப்போது குறைவு. பாஸ்வேர்டுகளை அள்ளிக்கொண்டு போவது, கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்பது (ரான்சம்வேர்), விளம்பரங்களைத் திணிப்பது என்று இன்று வருபவை பல ரகம். எல்லாவற்றுக்கும் பொதுப்பெயர் மால்வேர், அதாவது தீம்பொருள். பழக்கத்தில் பெயர் மட்டும் ஆன்டிவைரஸ் என்றே நின்றுவிட்டது. அதோடு இணையதள வடிகட்டி, ஃபயர்வால் (வெளியிலிருந்து வரும் இணைப்புகளைத் தடுக்கும் அரண்) முதலியவற்றைச் சேர்த்துக் கட்டினால் 'இன்டர்நெட் செக்யூரிட்டி' என்று பெயர்.

தீம்பொருளைக் கண்டுபிடிக்க இவை கையாளும் வழிகள்:

1. கையொப்பம். தெரிந்த தீம்பொருள் ஒவ்வொன்றுக்கும் ஓர் அடையாளம் எடுத்துப் பட்டியலில் வைத்துக்கொள்வது. எளிய வடிவத்தில் இது ஒரு ஹாஷ், அதாவது கோப்பின் முழு உள்ளடக்கத்தையும் ஒரு கணக்கில் போட்டு எடுத்த நீண்ட எண். இதிலுள்ள பலவீனம், கோப்பில் ஒரே ஒரு பைட்டை மாற்றினாலும் ஹாஷ் முழுவதும் வேறாகிவிடும் என்பது. தீம்பொருள் எழுதுபவர்கள் இதைத்தான் இயந்திரகதியில் செய்கிறார்கள். ஏவி-டெஸ்ட் என்ற ஜெர்மன் ஆய்வகம் நாளொன்றுக்கு 4.5 லட்சத்துக்கும் மேற்பட்ட புதிய தீம்பொருள்களைப் பதிவு செய்வதாகச் சொல்கிறது. இத்தனை பேர் புதிதாக உட்கார்ந்து எழுதுகிறார்கள் என்று நினைக்க வேண்டாம். பெரும்பாலானவை பழைய சரக்குக்குப் புதுச் சட்டை போட்டவை.

2. ஊகம். கோப்பு பட்டியலில் இல்லாவிட்டாலும், அதன் அமைப்பைப் பார்த்து "இது போக்கிரி மாதிரி இருக்கிறது" என்று முடிவெடுப்பது. இயந்திரக் கற்றல் என்று விளம்பரத்தில் வருவதில் பெரும்பகுதி இதுதான்.

3. நடத்தை. நிரலை ஓடவிட்டு அது செய்வதைக் கவனிப்பது. ஒரு நிரல் அரை நிமிடத்தில் ஆவணங்கள் ஃபோல்டரில் உள்ள 200 கோப்புகளைத் திறந்து, மாற்றி எழுதி, பெயரையும் மாற்றினால், அது எந்தப் பட்டியலில் இருக்கிறது என்று தேடிக்கொண்டிருக்கத் தேவையில்லை. நிறுத்த வேண்டியதுதான்.

4. நற்பெயர் விசாரணை. "இந்தக் கோப்பை உலகில் வேறு எத்தனை கணினிகளில் பார்த்திருக்கிறீர்கள்?" என்று நிறுவனத்தின் சர்வரிடம் கேட்பது. லட்சம் பேரிடம் இருக்கும் கோப்புக்கு மரியாதை. இன்று காலை முதன்முதலாகத் தலைகாட்டிய கோப்பு சந்தேகத்துக்கு உரியது. இதற்கு இணைய இணைப்பு வேண்டும். நம் கணினியில் உள்ள கோப்புகளைப் பற்றிய தகவலும் வெளியே போயாக வேண்டும். இந்தக் கடைசி விஷயத்தைப் பிறகு பார்ப்போம்.

5. தள வடிகட்டி. மோசடித் தளம் திறப்பதற்கு முன்பே வழிமறிப்பது.

இத்தனையும் செய்ய, சாதாரண மென்பொருளுக்குக் கிடைக்காத உரிமை ஆன்டிவைரஸுக்குத் தேவைப்படுகிறது. திறக்கும் ஒவ்வொரு கோப்பையும் அது முதலில் பார்க்க வேண்டும், எந்த நிரலையும் நிறுத்தும் அதிகாரம் வேண்டும். ஆகவே இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னல் வரை அதன் வேர்கள் போகும். வீட்டின் எல்லா அறைச் சாவியும் வாட்ச்மேனிடம் இருப்பது மாதிரி. அந்தச் சாவிக்கொத்தை மறக்காமல் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

ஏற்கெனவே இருக்கும் காவல்

விண்டோஸ் 8 வந்த 2012-லிருந்து ஒவ்வொரு விண்டோஸ் கணினியிலும் டிஃபெண்டர் என்ற ஆன்டிவைரஸ் கூடவே வருகிறது. தொடக்கத்தில் அதற்குக் கெட்ட பெயர். அந்த ஆண்டு இறுதியில் ஏவி-டெஸ்ட் நடத்திய சோதனையில், அதன் உடன்பிறப்பான மைக்ரோசாஃப்ட் செக்யூரிட்டி எசென்ஷியல்ஸ் சான்றிதழே பெற முடியாமல் போனது. "டிஃபெண்டரா, அது சும்மா பேருக்கு" என்று இன்றும் சிலர் சொல்வது அந்தக் காலத்து நினைவில்தான். கடந்த பல ஆண்டுகளாக அதே ஆய்வகத்தில் பாதுகாப்புக்கு முழு மதிப்பெண் வாங்குவது அதற்கு வழக்கமாகிவிட்டது.

அதற்காகக் குறையே இல்லை என்று ஆகிவிடாது. இணையம் இல்லாதபோது அதன் பிடிக்கும் திறன் இறங்குகிறது, ஏனென்றால் நற்பெயர் விசாரணையை அது அதிகம் நம்பியிருக்கிறது. மைக்ரோசாஃப்டின் தள வடிகட்டியான ஸ்மார்ட்ஸ்கிரீன் இயல்பாக எட்ஜ் பிரவுசரில்தான் வேலை செய்யும். குரோமும் ஃபயர்ஃபாக்ஸும் கூகுளின் சேஃப் பிரவுசிங் பட்டியலைப் பயன்படுத்துகின்றன. ஆக, குரோமில் ஒரு மோசடித் தளம் தடுக்கப்படாமல் திறந்தால் பழியை டிஃபெண்டர்மேல் போட முடியாது.

மேக் கணினிகளில் எக்ஸ்புரொடெக்ட் என்ற சோதனைப் பகுதி 2009 முதலும், தயாரித்தவரின் டிஜிட்டல் கையெழுத்து இல்லாத நிரல்களை நிறுத்திக் கேட்கும் கேட்கீப்பர் 2012 முதலும் இருக்கின்றன.

ஒரு நடைமுறை விஷயம். விண்டோஸில் வேறு ஆன்டிவைரஸ் நிறுவினால் டிஃபெண்டர் தானாக ஒதுங்கிக்கொள்ளும். இரண்டு காவல்காரர்கள் ஒரே கோப்பைப் பிடித்து இழுத்தால் கணினி நகராது. அதனால்தான் இந்த ஏற்பாடு. இதன் பொருள், காசு கொடுத்து வாங்குவது டிஃபெண்டருக்கு மேல் இன்னோர் அடுக்காகச் சேர்வதில்லை, அதன் இடத்தில் வந்து உட்காருகிறது. 'கூடுதல் பாதுகாப்பு' என்ற விளம்பரச் சொல் இங்கே கொஞ்சம் ஏமாற்றுகிறது.

சோதனை முடிவுகளைப் படிக்கும் விதம்

தனிப்பட்ட முறையில் ஆன்டிவைரஸ்களைச் சோதிக்கும் பெரிய ஆய்வகங்கள் மூன்று: ஜெர்மனியின் மக்டபர்க் நகரில் இயங்கும் ஏவி-டெஸ்ட், ஆஸ்திரியாவின் இன்ஸ்புருக்கில் உள்ள ஏவி-கம்பேரட்டிவ்ஸ், பிரிட்டனின் எஸ்இ லேப்ஸ். ஏவி-டெஸ்ட் பாதுகாப்பு, வேகம், பயன்பாட்டு வசதி மூன்றுக்கும் தலா 6 வீதம் 18 மதிப்பெண் போடுகிறது. ஏவி-கம்பேரட்டிவ்ஸ் ஸ்டாண்டர்டு, அட்வான்ஸ்டு, அட்வான்ஸ்டு பிளஸ் என்று படி பிரிக்கிறது. இவற்றின் அறிக்கைகளை இலவசமாகவே படிக்கலாம். படிக்கும்போது கவனிக்க வேண்டியவை சில.

1. தசமப் புள்ளிக்குப் பின்னால் வரும் சண்டையை மறந்துவிடலாம். ஒரு சோதனையில் 400 மாதிரிகளை வைத்துப் பார்க்கிறார்கள் என்று கொள்வோம். ஒன்றைத் தவறவிட்ட மென்பொருளுக்கு 99.75 சதவீதம், மூன்றைத் தவறவிட்டதற்கு 99.25. அட்டவணையில் பார்த்தால் முன்னது எங்கோ மேலே, பின்னது நடுவில். உண்மையில் வித்தியாசம் இரண்டே இரண்டு கோப்பு. அடுத்த மாதம் வேறு 400 மாதிரிகள் வந்தால் இடம் மாறிவிடும். இது தெரிந்துதான் ஏவி-கம்பேரட்டிவ்ஸ் தயாரிப்புகளைப் புள்ளியியல் அடிப்படையில் குழுக்களாகப் பிரித்து வைக்கிறது. விளம்பரக்காரர்கள் குழுவை விட்டுவிட்டு எண்ணை மட்டும் வெட்டி எடுத்துக்கொள்கிறார்கள்.

2. ஒரே ஒரு அறிக்கை போதாது. ஒன்றிரண்டு ஆண்டுகளின் அறிக்கைகளை வரிசையாகப் பார்த்தால், தொடர்ந்து மேலே நிற்பது எது, ஒரு முறை மட்டும் எகிறியது எது என்று தெரிந்துவிடும். தொடர்ந்து 95, 96 என்று தடுமாறும் தயாரிப்பை ஒதுக்கலாம். மேல் குழுவில் நிலையாக இருக்கும் ஆறேழில் எதை எடுத்தாலும் பிடிக்கும் திறனில் வீட்டுக் கணினிக்குப் பெரிய வேறுபாடு தெரியப்போவதில்லை.

3. சோதனையின் வகையைப் பார்க்க வேண்டும். ஒரு ஃபோல்டர் நிறையத் தீம்பொருளைக் கொட்டி ஸ்கேன் செய்வது பழைய முறை. இணையத்தில் அப்போது உயிரோடு இருக்கும் தீய தளங்களைத் திறந்து, தொற்று வருகிறதா என்று கடைசிவரை பார்ப்பது நிஜ உலகச் சோதனை. இரண்டாவதுதான் நமக்கு நேர்வதற்கு நெருக்கமானது. வீடியோக்களில் யாரோ ஒருவர் ஒரு ஜிப் ஃபைலை அவிழ்த்து "பாருங்கள், 12 தப்பிவிட்டது" என்று காட்டுவது முதல் வகை. அதிலும் அந்த மாதிரிகள் எங்கிருந்து வந்தன, எத்தனை உண்மையிலேயே இயங்கும் என்பது அவருக்கே தெரிந்திருக்காது.

4. தவறான எச்சரிக்கைகள். நல்ல கோப்பைக் கெட்டது என்று சொல்வது. இதை யாரும் பொருட்படுத்துவதில்லை. ஆனால் கணக்குப் போட்டுப் பார்க்கத் தகுந்தது இதுதான். ஒரு கணினியில் 3 லட்சம் கோப்புகள் இருக்கின்றன, அவற்றில் கெட்டது ஒன்றே ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். மென்பொருள் 10,000-க்கு ஒரு முறை மட்டுமே தவறாகக் குரைக்கும், கெட்டதை நிச்சயம் பிடித்துவிடும். கேட்க அருமையாக இருக்கிறது. முழு ஸ்கேன் முடிவில் வருவது 31 எச்சரிக்கை. அவற்றில் 30 பொய். மூன்றாவது பொய்க்குப் பிறகு எந்த மனிதரும் படிக்காமலே 'சரி' என்று அழுத்தத் தொடங்கிவிடுவார். அந்த 31-வதையும் சேர்த்து.

எல்லாவற்றையும் சந்தேகப்படும் ஆன்டிவைரஸுக்கு 100 சதவீதம் வாங்குவது சுலபம் என்பதையும் இந்தக் கணக்கு காட்டுகிறது. ஆகவே பிடித்த சதவீதத்தையும் தவறான எச்சரிக்கையையும் சேர்த்தே படிக்க வேண்டும். ஒன்றை மட்டும் காட்டுகிற விளம்பரம் மற்றதை மறைக்கிறது என்றே எடுத்துக்கொள்ளலாம்.

வேக அளவீட்டைப் பற்றி ஒரு வரி. ஆய்வகக் கணினியும் உங்கள் கணினியும் வேறு. பழைய சுழலும் ஹார்டு டிஸ்க்கில் உணரும் சுணக்கம் எஸ்எஸ்டியில் தெரியவே தெரியாது.

கட்டுக்குள் இருக்கும் உதிரிகள்

சந்தா விலையை நியாயப்படுத்த நிறுவனங்கள் சேர்த்துக் கொடுப்பவற்றை வேகமாகப் பார்த்துவிடலாம். பாஸ்வேர்ட் மேனேஜர் உண்மையிலேயே பயனுள்ளது. ஆனால் தனியாகவும் கிடைக்கிறது, பிரவுசரிலும் இருக்கிறது, ஆன்டிவைரஸை மாற்றும்போது கூடவே இழக்க வேண்டியதில்லை. இணையப் போக்குவரத்தை வேறொரு சர்வர் வழியாகப் பூட்டி அனுப்பும் விபிஎன்னில் பெரும்பாலும் அளவு வரம்பு இருக்கும். தனி ஃபயர்வால், வீட்டு ரவுட்டருக்குப் பின்னால் விண்டோஸின் சொந்த ஃபயர்வாலும் இருக்கும்போது, பெரிதாக எதுவும் சேர்ப்பதில்லை. கணினியை 'ட்யூன்' செய்யும் கருவிகளை நான் எதற்கும் பரிந்துரைக்க மாட்டேன். ரெஜிஸ்ட்ரியை, அதாவது விண்டோஸ் தன் அமைப்புகளை எழுதி வைக்கும் பதிவேட்டை, சுத்தம் செய்வதால் கணினி வேகமாவதில்லை. குழந்தைகளுக்கான கட்டுப்பாடுகள் சில தயாரிப்புகளில் நன்றாக இருக்கின்றன. அது தேவைப்படும் வீட்டுக்கு அதுவே வாங்கும் காரணமாக இருக்கலாம்.

எதுவெல்லாம் இந்தக் கட்டுக்குள் நுழையும் என்பதற்கு ஓர் உதாரணம்: நார்ட்டன் 2021-ல் தன் 360 தொகுப்பில் எத்தீரியம் நாணயம் தோண்டும் வசதியைச் சேர்த்தது. பயனர் விரும்பினால் இயக்கிக்கொள்ளலாம் என்று இருந்தது, கிடைத்ததில் 15 சதவீதம் நிறுவனத்துக்குப் போனது. அனுமதியின்றி நாணயம் தோண்டும் நிரல்களைப் பிடிக்க வேண்டிய மென்பொருள் அது.

சாவி யார் கையில்?

முன்பு சொன்ன சாவிக்கொத்துக்கு வருவோம். பாதுகாப்பு மென்பொருளால் வரும் ஆபத்து நான்கு வகை. எல்லாமே நடந்து முடிந்தவை.

முதலாவது, தவறுதல். 2010 ஏப்ரல் 21 அன்று மெக்காஃபி வெளியிட்ட அப்டேட், விண்டோஸ் எக்ஸ்பியின் அத்தியாவசிய நிரலான எஸ்விசிஹோஸ்டைத் தீம்பொருள் என்று முத்திரை குத்தியது. கணினிகள் திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் ஆயின, நெட்வொர்க் அறுந்தது. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனத்தின் அப்டேட் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை நீலத்திரையில் நிறுத்தியது என்பது மைக்ரோசாஃப்டின் மதிப்பீடு. அந்தப் பிழையான கோப்பு வெளியில் இருந்தது 78 நிமிடம் மட்டுமே. அது பெரும் நிறுவனங்கள் பயன்படுத்தும் மென்பொருள், வீட்டுக் கணினிகளில் அனேகமாக இருந்திருக்காது. ஆனாலும் கெர்னலில் வேர்விட்ட ஒன்று தடுமாறினால் என்ன ஆகும் என்பதற்கு அதைவிடத் தெளிவான விளக்கம் கிடைக்காது.

இரண்டாவது, ஓட்டை. ஆன்டிவைரஸ் உலகத்திலுள்ள எல்லாக் கோப்பு வடிவங்களையும் திறந்து பார்க்கிறது. அதுவும் உயர்ந்த அதிகாரத்தோடு. அப்படித் திறக்கும் பகுதியில் பிழை இருந்தால், பயனர் எதையும் தொடாமலே, மின்னஞ்சல் வந்து சேர்ந்ததும் தாக்குதல் நடந்துவிடும். மென்பொருள் ஓட்டைகளைத் தேடும் கூகுளின் புராஜெக்ட் ஜீரோ குழுவைச் சேர்ந்த டாவிஸ் ஆர்மண்டி 2016-ல் சைமன்டெக்கின் தயாரிப்புகளிலும், 2017-ல் மைக்ரோசாஃப்டின் சொந்த என்ஜினிலும் இப்படிப்பட்ட ஓட்டைகளைக் கண்டுபிடித்தார். டிஃபெண்டரும் இதற்கு விலக்கல்ல என்பதற்காகச் சொல்கிறேன். ஓட்டை இருந்ததா என்பதைவிட, தெரிவித்தபின் எத்தனை நாளில் அடைத்தார்கள் என்பது நிறுவனத்தை எடைபோட நல்ல அளவுகோல்.

மூன்றாவது, வேலியே பயிரை மேய்வது. அவாஸ்ட் நிறுவனம் தன் ஆன்டிவைரஸ் வழியாகவும் பிரவுசர் நீட்சிகள் வழியாகவும் திரட்டிய பிரவுசிங் விவரங்களை, ஜம்ப்ஷாட் என்ற துணை நிறுவனம் மூலம் 100-க்கும் மேற்பட்ட நிறுவனங்களுக்கு விற்றது. 2020 ஜனவரியில் ஊடகங்கள் வெளிக்கொண்டு வந்ததும் ஜம்ப்ஷாட் மூடப்பட்டது. 2024 பிப்ரவரியில் அமெரிக்காவின் கூட்டாட்சி வணிக ஆணையம் அவாஸ்டை 1.65 கோடி டாலர் செலுத்தச் சொல்லி, விளம்பரத்துக்காக இத்தகைய விவரங்களை விற்கவும் தடை போட்டது. இணையத்தில் நம்மைப் பின்தொடர்பவர்களைத் தடுப்பதாகச் சொல்லி விற்ற மென்பொருள்தான் இதைச் செய்தது. அந்தக் காலத்தில் அதன் சோதனை மதிப்பெண்கள் நன்றாகவே இருந்தன என்பதைக் கவனிக்க வேண்டும். 'எவ்வளவு பிடிக்கும்' என்ற கேள்வி இந்த ஆபத்தைத் தொடவே தொடாது.

நான்காவது, நிறுவனம் யாருக்குக் கட்டுப்பட்டது என்பது. காஸ்பர்ஸ்கி பல ஆண்டுகள் ஆய்வகச் சோதனைகளில் முன்வரிசையில் நின்ற தயாரிப்பு. நிறுவனம் ரஷ்யச் சட்டத்துக்கு உட்பட்டது என்பதைக் காரணம் காட்டி 2022 மார்ச்சில் ஜெர்மனியின் தகவல் பாதுகாப்பு அமைப்பு அதைத் தவிர்க்கச் சொன்னது. 2024 ஜூனில் அமெரிக்க வணிகத் துறை விற்பனைக்கே தடை விதித்தது, செப்டம்பர் 29-க்குப் பிறகு அப்டேட்டும் கூடாது என்றது. காஸ்பர்ஸ்கி குற்றச்சாட்டுகளை மறுத்தது. யார் பக்கம் நியாயம் என்பது அரசியல் விவாதம். பயனருக்கு நேர்ந்ததைப் பாருங்கள்: அந்தச் செப்டம்பரில் பல அமெரிக்க வாடிக்கையாளர்கள் கணினியைத் திறந்தபோது காஸ்பர்ஸ்கி போய், கேள்விப்படாத அல்ட்ராஏவி என்ற ஒன்று அதன் இடத்தில் இருந்தது. சாவி கைமாறிவிட்டது.

கைமாறுவதற்குத் தடைதான் வர வேண்டும் என்பதும் இல்லை. அவாஸ்ட் 2016-ல் ஏவிஜியை வாங்கியது. 2022-ல் நார்ட்டனும் அவாஸ்டும் இணைந்து ஜென் டிஜிட்டல் ஆயின. அவிராவும் அதே குடையின் கீழ்தான். "நார்ட்டன் வேண்டாம், ஏவிஜி போடுகிறேன்" என்று மாறுபவர் அதே கடையின் இன்னொரு கதவு வழியாக உள்ளே வருகிறார்.

இதோடு சேர்ந்த ஒரு நுட்பம். எச்டிடிபிஎஸ் தளங்களுக்கும் பிரவுசருக்கும் இடையே போகும் தகவல் பூட்டப்பட்டது. அதைப் படிக்க விரும்பும் சில ஆன்டிவைரஸ்கள் கணினியில் தங்கள் சொந்த ரூட் சான்றிதழை (எந்தத் தளம் உண்மையானது என்று பிரவுசர் நம்புவதற்கு அடிப்படையான சான்று) நிறுவி, நடுவில் நின்று பூட்டைத் திறந்து பார்த்துவிட்டுத் திரும்பப் பூட்டி அனுப்புகின்றன. இதைச் சரியாகச் செய்யாவிட்டால் பிரவுசர் தரும் பாதுகாப்பே பலவீனமாகிவிடும். உங்கள் கணினியில் நடக்கிறதா என்று பார்ப்பது எளிது. வங்கித் தளத்தைத் திறந்து, முகவரிப் பட்டையின் இடது ஓரத்தில் உள்ள குறியை அழுத்திச் சான்றிதழைத் திறந்தால், அதை வழங்கியவர் பெயர் இருக்கும். அங்கே ஆன்டிவைரஸின் பெயர் இருந்தால், உங்களுக்கும் வங்கிக்கும் நடுவில் அது உட்கார்ந்திருக்கிறது. பெரும்பாலான தயாரிப்புகளில் இதை அமைப்பில் போய் நிறுத்திவிடலாம்.

இது எட்டாத இடங்கள்

2017 மே 12 அன்று வானாகிரை ரான்சம்வேர் உலகெங்கும் பரவியபோது, அது புகுந்த ஓட்டையை அடைக்கும் பேட்ச்சை மைக்ரோசாஃப்ட் வெளியிட்டு ஏறத்தாழ இரண்டு மாதம் ஆகியிருந்தது. மார்ச் 14 அப்டேட்டைப் போட்டவர்களிடம் அந்த ஓட்டை வழியாக அதனால் நுழைய முடியவில்லை, ஆன்டிவைரஸ் எதுவாக இருந்தாலும். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. நீட்டிப்புத் திட்டத்தில் சேராத விண்டோஸ் 10 கணினியில் எவ்வளவு விலையுயர்ந்த ஆன்டிவைரஸைப் போட்டாலும் இயங்குதளத்தின் ஓட்டைகள் திறந்தே கிடக்கும்.

பேசி ஏமாற்றுவதும் அப்படியே. "வங்கியிலிருந்து பேசுகிறோம், இந்த மென்பொருளை நிறுவுங்கள்" என்று போனில் சொல்லி, ஒருவர் தானாகவே ரிமோட் கன்ட்ரோல் செயலியை நிறுவிக்கொண்டால் ஆன்டிவைரஸ் அனேகமாக வாய் திறக்காது. அந்தச் செயலி சட்டபூர்வமானது, நிறுவியது கணினியின் சொந்தக்காரர்.

ரான்சம்வேர் தப்பி உள்ளே வந்துவிட்டால், கோப்புகளை மீட்டுத் தருவது பெரும்பாலும் பேக்கப்தான். அதுவும் கணினியோடு எப்போதும் செருகி வைத்திருக்கும் டிஸ்க்காக இருந்தால் அதுவும் சேர்ந்தே பூட்டப்படும்.

எச்சரிக்கையே மோசடியாக வரும்போது

திரையின் கீழ் வலது மூலையில் ஒரு பெட்டி எழுகிறது. "உங்கள் கணினியில் 5 வைரஸ்கள். சந்தா முடிந்துவிட்டது. உடனே புதுப்பிக்கவும்." தெரிந்த பிராண்டின் லோகோ, சிவப்பு நிறம். பதறாமல் பெட்டியின் ஓரத்தைப் பார்த்தால், சிறிய எழுத்தில் பிரவுசரின் பெயரும் ஏதோ ஒரு தளத்தின் முகவரியும் இருக்கும். உண்மையான ஆன்டிவைரஸின் எச்சரிக்கையில் பிரவுசருக்கு என்ன வேலை? என்றோ ஒரு தளத்தில் "நீங்கள் ரோபோ இல்லை என்று காட்ட 'அலவ்' அழுத்துங்கள்" என்று கேட்டிருப்பார்கள், அழுத்தியிருப்போம். அன்று கொடுத்த நோட்டிஃபிகேஷன் அனுமதியின் பலன் இது. பிரவுசரின் அமைப்பில் அந்தத் தளத்தின் அனுமதியை நீக்கினால் 'வைரஸ்' போய்விடும்.

பெரிய கடைகளும் இந்தப் பயத்தை விற்றிருக்கின்றன. அமெரிக்காவின் ஆஃபீஸ் டெப்போவும் சப்போர்ட்.காம் நிறுவனமும் 2019-ல் மொத்தம் 3.5 கோடி டாலர் செலுத்த ஒப்புக்கொண்டன. கணினி மெதுவாக இருக்கிறதா, அடிக்கடி நின்றுபோகிறதா என்பதுபோல நான்கு கேள்விகள். ஒன்றுக்கு டிக் அடித்தாலும் போதும், ஸ்கேன் எதைக் கண்டாலும் காணாவிட்டாலும் 'தீம்பொருள் அறிகுறி' என்று முடிவு வரும், அதைக் காட்டிப் பழுது பார்க்கும் சேவையை விற்றார்கள் என்பது வணிக ஆணையத்தின் குற்றச்சாட்டு.

வீட்டிலேயே சோதித்துப் பார்க்க

கட்டணத் தயாரிப்புகள் பெரும்பாலும் சில வாரம் இலவசமாகத் தருகின்றன. அந்தக் காலத்தை இப்படிப் பயன்படுத்தலாம்.

1. நிறுவும் முன், உள்ளே இருப்பதைச் சரிபார்க்கவும். விண்டோஸ் செக்யூரிட்டி திரையைத் திறந்து, நிகழ்நேரப் பாதுகாப்பும், அதைத் தீம்பொருள் அணைத்துவிடாமல் காக்கும் டேம்பர் புரொடெக்‌ஷனும் ஓடுகின்றனவா என்று பாருங்கள். ரான்சம்வேர் பிரிவில் கன்ட்ரோல்டு ஃபோல்டர் ஆக்சஸ் என்ற வசதி 2017-லிருந்து இருக்கிறது, இயல்பில் அணைந்திருக்கும். தெரியாத நிரல்கள் ஆவணங்களை மாற்றி எழுதுவதை அது தடுக்கும். முதல் சில நாள் நல்ல நிரல்களையும் தடுத்துத் தொல்லை தரும், அனுமதித்துக்கொண்டே வர வேண்டும். இதையெல்லாம் இயக்கிய பிறகும் ஒரு குறை தெரிந்தால் மட்டும் வெளியே தேடலாம்.

2. ஒரு கைக்கடிகாரக் கணக்கு. சில ஆயிரம் புகைப்படங்கள் உள்ள ஃபோல்டரை வேறிடத்துக்கு நகலெடுக்க ஆகும் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். கணினியை ரீஸ்டார்ட் செய்து பிரவுசர் திறக்கும் வரையிலான நேரத்தையும். புதியதை நிறுவிய மறுநாள் இதையே செய்யுங்கள். முதல் நாள் வேண்டாம், அன்று அது எல்லாக் கோப்புகளையும் முதல் தடவையாகப் பார்த்துக்கொண்டிருக்கும்.

3. உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க ஐகார் சோதனைக் கோப்பு உண்டு. 68 எழுத்துகள் கொண்ட, எந்தத் தீங்கும் செய்யாத ஒரு வரி. ஏறத்தாழ எல்லா ஆன்டிவைரஸ்களும் அதைத் தீம்பொருள்போல நடத்த ஒப்புக்கொண்டிருக்கின்றன. அதைச் சேமித்த உடனே சத்தம் வர வேண்டும். இது காலிங்பெல்லை அழுத்திப் பார்ப்பது போலத்தான். மணி அடிக்கிறதா என்று தெரியும், திருடன் மணி அடித்துவிட்டு வருவானா என்பது வேறு. உண்மையான தீம்பொருளைத் தேடி இறக்கி சோதிக்கும் விஷப்பரீட்சை வேண்டவே வேண்டாம்.

4. இரண்டு வாரத்தில் அது எத்தனை முறை வாய் திறந்தது, எதற்காக என்று ஒரு தாளில் எழுதுங்கள். பாதுகாப்பு பற்றிப் பேசியது ஒரு பத்தி. "இன்னும் மேல்நிலைத் திட்டத்துக்கு மாறுங்கள்" என்று கேட்டது இன்னொரு பத்தி. இரண்டாவது பத்தி நீளமாக இருந்தால் முடிவெடுக்க வேறெதுவும் தேவையில்லை.

5. தனியுரிமை அறிக்கையில் மூன்று விஷயத்தை மட்டும் தேடுங்கள்: பார்க்கும் தளங்களின் முகவரிகளை அனுப்புகிறதா, யாருடன் பகிர்கிறது, எத்தனை நாள் வைத்திருக்கிறது. நற்பெயர் விசாரணைக்காகக் கொஞ்சம் அனுப்பியே ஆக வேண்டும். அதைத் தாண்டி 'கூட்டாளிகள்', 'சந்தை ஆய்வு' என்ற சொற்கள் வந்தால் விலகிவிடலாம். அமைப்பில் தரவுப் பகிர்வை அணைக்கும் பொத்தான் இருக்கிறதா என்பதும் முக்கியம்.

6. சந்தாவின் இரண்டாம் ஆண்டு விலையைப் பாருங்கள். முதல் ஆண்டுச் சலுகையைக் காட்டிவிட்டு, அடுத்த ஆண்டு முழு விலையைக் கார்டிலிருந்து தானாக எடுத்துக்கொள்வது இந்தத் தொழிலில் சகஜம். தானாகப் புதுப்பிப்பதை எங்கே அணைப்பது என்று வாங்கிய அன்றே கண்டுபிடித்துவிட வேண்டும்.

7. கடைசியாக, வெளியேற்றிப் பாருங்கள். வழக்கமான முறையில் நீக்கினாலே போய்விடுகிறதா, அல்லது அதற்கென நிறுவனம் தரும் தனி நீக்கும் கருவியை இறக்க வேண்டியிருக்கிறதா? அப்புறம் ரீஸ்டார்ட் செய்து விண்டோஸ் செக்யூரிட்டியைத் திறக்கவும். நிகழ்நேரப் பாதுகாப்புக்கு எதிரே டிஃபெண்டர் மறுபடி 'ஆன்' என்று வந்திருக்க வேண்டும். வரவில்லை என்றால் பழைய ஆன்டிவைரஸின் மிச்சம் ஏதோ இன்னும் உள்ளே இருக்கிறது, கணினி அந்த நிமிடத்தில் காவல் இல்லாமல் ஓடிக்கொண்டிருக்கிறது.